கொட்டாத நீரும் சேர்க்காத மாவும்

 

வீட்டில் லேசான, உடம்புக்கு நல்ல காய்கறி சூப் வைப்பது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். செய்முறையை மட்டும் சொல்வதென்றால் ஐந்து நிமிடம் போதும். ஆனால் செய்முறை தெரிந்த வீடுகளிலும் சூப்பின் நோக்கம் பாதி வழியில் தவறிப் போகிறது. அதனால்தான் காரணங்களையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. காலையில் பூங்காவைச் சுற்றி நடந்து முடித்தவர்கள் வாசலில் நின்று வாழைத்தண்டு சூப்பும் முருங்கைக்கீரை சூப்பும் வாங்கிக் குடிக்கிறார்கள். மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் சூப் கொதிக்கிறது. கல்யாணப் பந்திக்கு முன்னால் கோப்பையில் சூப் வருகிறது. மளிகைக் கடையில் சூப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. சூப் குடித்தால் நல்லது என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவிவிட்டது. அந்த நம்பிக்கை சரிதானா? எந்த சூப்புக்குச் சரி, எந்த சூப்புக்குச் சரியில்லை? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்பின் சத்து, நாம் எதைக் கொட்டாமல் வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. சூப்பின் லேசு, நாம் எதைச் சேர்க்காமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கொட்டாதே, சேர்க்காதே. இந்த இரண்டு சொற்களுக்கும் சான்று காட்டுவதுதான் இந்தப் பேச்சு.

முதலில், கொட்டாதே என்பதை எடுத்துக்கொள்வோம். காயைத் தண்ணீரில் வேகவைக்கும்போது என்ன நடக்கிறது? காயின் செல் சுவர்கள் வெப்பத்தில் தளர்கின்றன. உள்ளே இருந்தவற்றில் நீரில் கரையக்கூடியவை வெளியே வருகின்றன. பொட்டாசியம் வருகிறது. ஃபோலேட் வருகிறது. வைட்டமின் சி வருகிறது. பி வகை வைட்டமின்கள் வருகின்றன. இதற்கு என்ன சான்று என்று கேட்பீர்கள். எந்த மருத்துவமனையிலும் சிறுநீரகப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் நிலையில் இருக்கிற நோயாளிக்கு அங்கே என்ன சொல்லி அனுப்புகிறார்கள்? காயைச் சிறிதாக நறுக்குங்கள், நிறையத் தண்ணீரில் வேகவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயை மட்டும் சாப்பிடுங்கள் என்கிறார்கள். ஏன்? காயில் இருந்த பொட்டாசியத்தில் ஒரு பெரும்பங்கு அந்தத் தண்ணீருக்குப் போய்விடுகிறது. நோயாளிக்கு அது ஆபத்து, அதனால் அவர் கொட்ட வேண்டும். நோயில்லாதவருக்கு அதே பொட்டாசியம் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கத் துணை செய்கிற தாது. அவர் எதற்காகக் கொட்ட வேண்டும்? பொரியலுக்குக் காயை வேகவைத்துத் தண்ணீரை இறுத்து ஊற்றும் வீடுகளில், நோயாளிக்குச் சொன்ன வைத்தியத்தை நலமாக இருப்பவர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். சூப்பில் அந்த இழப்புக்கு வழியே இல்லை. காயும் அதன் நீரும் ஒரே கோப்பையில் வந்து சேர்கின்றன.

தண்ணீரைக் கொட்டுவது அவ்வளவு பெரிய விஷயமா? இதற்கு வரலாறு பதில் சொல்லும். 1918ஆம் ஆண்டு நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் நாட்டுக்கே உணவு வழிகாட்டியாக இருக்கிறது. பெரிபெரி எதனால் வருகிறது? தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவால் வருகிறது. தயமின் அரிசியின் தவிட்டில் இருக்கிறது. ஆலையில் தீட்டும்போது பெரும்பகுதி போகிறது. மிஞ்சியது நீரில் கரையும் இயல்புடையது. அரிசியைப் பல முறை கழுவும்போது கொஞ்சம் போகிறது, கஞ்சியை வடித்துக் கொட்டும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கி நின்றுவிடுவதால், புழுங்கல் அரிசி உண்டவர்களை இந்த நோய் அதிகம் அண்டவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நீரோடு போகிற ஒரு பொருள், மனிதனின் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோயாகத் திரும்பி வரக்கூடும் என்பதை இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களில் ஒன்று இது. சமையலில் நீர் வெறும் நீர் அல்ல என்ற அந்தப் பாடத்தைக் காய்க்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கொட்டக் கூடாதது நீர் மட்டும்தானா? சக்கையும்தான். நம்மில் பலர் காயை வேகவைத்து, வடிகட்டியில் ஊற்றி, தெளிந்த நீரை மட்டும் கோப்பையில் ஏந்துகிறோம். சக்கை குப்பைக்குப் போகிறது. நீரில் கரைந்த தாதுக்கள் கிடைத்தன, சரி. ஆனால் நார்ச்சத்து எங்கே போயிற்று? கேரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் கொடுக்கிற பீட்டா கரோட்டின் எங்கே போயிற்று? தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கிற லைகோபீன் எங்கே போயிற்று? இவை பெரும்பாலும் நீரில் கரையாதவை. சக்கையோடு போய்விட்டன. மலச்சிக்கலைத் தடுப்பது நார், சர்க்கரை ரத்தத்தில் மெல்ல ஏறும்படி செய்வது நார், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாவது நார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி உண்பவரின் தட்டில் கீரை உட்பட 400 கிராம் காய்கறி இருக்க வேண்டும் என்கிறது. சோற்றின் ஓரத்தில் இரண்டு கரண்டிப் பொரியல் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் அந்த 400 கிராம் எப்படி நிறையும்? ஒரு கோப்பை சூப்பில் 100 கிராம் காயை எளிதாக வைக்கலாம். நாளின் தேவையில் நாலில் ஒரு பங்கு ஒரே கோப்பையில் முடிந்துவிடும். ஆனால் வடிகட்டாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு. முருங்கைக்காய்ச் சக்கை போன்ற மெல்ல முடியாதவற்றை எடுத்துவிடுங்கள். மற்றதை மசித்தோ துண்டாகவோ கோப்பைக்குள் வையுங்கள்.

இப்போது இரண்டாவது சொல்லுக்கு வருவோம். சேர்க்காதே! எதைச் சேர்க்கக் கூடாது? மாவு, வெண்ணெய், கிரீம், அதிக உப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் காய்களில் பெரும்பாலானவை 100 கிராமுக்கு 20 முதல் 40 கலோரிதான் தருகின்றன. சுரைக்காய், வெள்ளரிக்காய், வெண்பூசணி போன்றவற்றின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு நீர். நாலு பேருக்கான சூப்பில் 400 கிராம் காய், ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் போட்டால், ஒருவருக்குச் சுமார் 60 கலோரி வரும். அந்தக் கோப்பையில் 10 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்றை மிதக்க விடுங்கள். அந்தக் கட்டியில் மட்டும் 70 கலோரிக்கு மேல் இருக்கிறது. கோப்பை முழுவதும் இருக்கிற காயையும் பருப்பையும்விட மேலே மிதக்கிற சிறு கட்டி கனமானது! சோளமாவு கரைசல் ஊற்றினால் கண்ணாடிபோல் பளபளப்பு வரும், கரண்டியில் ஒட்டும் கெட்டித் தன்மை வரும். ஆனால் அது பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. நாருமில்லை, சொல்லும்படியான வைட்டமினுமில்லை. கெட்டியாக இருப்பதெல்லாம் சத்து என்று நாவை நம்பவைப்பதே அதன் வேலை. கெட்டி வேண்டுமென்றால் வெந்த காயில் பாதியை மத்தால் கடையுங்கள். பருப்பைக் குழைய விடுங்கள். காயே காயைக் கெட்டியாக்கும்.

லேசாக இருப்பதால் என்ன நன்மை? வயிறு நிறையுமா? இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞரின் குழு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே பொருள்களைக் கொண்டு சமைத்த உணவு. ஒரு நாள் அதை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே உணவோடு ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தார்கள். வேறொரு நாள் அதே அளவு தண்ணீரை உணவுக்குள் ஊற்றிச் சமைத்து சூப்பாகக் கொடுத்தார்கள். பிறகு மதியச் சாப்பாட்டை விருப்பம்போல் சாப்பிடச் சொன்னார்கள். எந்த நாளில் குறைவாகச் சாப்பிட்டார்கள் தெரியுமா? சூப் குடித்த நாளில்! தண்ணீர் தனியாக வயிற்றுக்குள் போனபோது அந்தப் பலன் இல்லை. உணவோடு கலந்து போனபோது இருந்தது. அதே குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் குறைந்த கலோரி சூப் குடித்தவர்கள், அந்த சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் 20 சதவீதம் குறைவாகவே உண்டார்கள். காயைத் துண்டாக விட்டாலும் மசித்தாலும் பலன் ஒன்றுதான் என்றும் தெரிந்தது. சோறு நம் தட்டின் பெரும்பகுதியை ஆளுகிற நாட்டில், சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட நாட்டில், இது சாதாரணச் செய்தியா? சோற்றைக் குறை, குறை என்று வாயால் சொல்லி யாரும் குறைப்பதில்லை. சோற்றுக்கு முன்னால் ஒரு கோப்பை சூப்பை வையுங்கள். சொல்லாமலே குறையும்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள். ஒரு நாள் முழுவதற்கும், சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான். இப்போது மளிகைக் கடையின் சூப் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எடையில் அதிகமான பொருளை முதலிலும் குறைவானதைப் பின்னாலும் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். அந்த வரிசையில் மாவும் உப்பும் சர்க்கரையும் எங்கே நிற்கின்றன, உலர்ந்த காய்கறி எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். பிறகு சோடியத்தின் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு 400 மில்லிகிராம் சோடியமும் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை நான் சொல்ல வேண்டாம், உறையே சொல்லும். இந்த பாக்கெட் சூப் பிறந்த கதையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1880களில் சுவிட்சர்லாந்தின் ஆலைகளில் நாள் முழுவதும் உழைத்த பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, அவர்கள் குடும்பங்கள் சத்துக் குறைவால் வாடின. ஃப்ரிடோலின் ஷூலர் என்ற மருத்துவரின் தூண்டுதலால், மாவு ஆலை நடத்திய ஜூலியஸ் மேகி 1886இல் பட்டாணி, அவரை மாவுகளால் ஆன உடனடி சூப்பைக் கொண்டுவந்தார். ஏழைத் தொழிலாளிக்குப் பருப்பின் புரதத்தைக் கொடுப்பதுதான் அன்றைய நோக்கம். உடனடி சூப் என்ற எண்ணத்தில் தவறில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உப்பைக் குறைத்தால் சுவை எப்படி வரும்? உடனே எழுகிற மறுப்பு இது. நியாயமான மறுப்பு. சுவையில்லாத சூப்பை யாரும் இரண்டாம் நாள் குடிக்க மாட்டார்கள். இதற்கு விடை 1908இல் டோக்கியோவில் கிடைத்தது. கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர், ஜப்பானியர் கடற்பாசியை ஊறவைத்துக் காய்ச்சும் சாற்றின் சுவைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்காத அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். குளூட்டமேட் என்ற பொருளே அதைத் தருகிறது என்று கண்டார். அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அது விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே குளூட்டமேட் நன்கு பழுத்த தக்காளியில் இருக்கிறது, காளானில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பழுத்த தக்காளி இரண்டைப் போட்டு வேகவிடுங்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் பொன்னிறமாக வதக்குங்கள். சீரகத்தை வறுத்துப் பொடியுங்கள். மிளகை அப்போதைக்கு அப்போது தட்டிப் போடுங்கள். கொத்தமல்லித் தண்டைக் கொதியில் விடுங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பும் காரமும் மணமும் சேர்ந்தால், நாக்கு உப்பைக் குறைவாகவே தேடும்.

இனி செய்முறையைச் சொல்கிறேன். நாலு பேருக்கு 400 கிராம் காய். கேரட், பீன்ஸ், சௌசௌ, முட்டைக்கோஸ், சுரைக்காய், பூசணி என்று அன்று சந்தையில் மலிவாகவும் புதிதாகவும் கிடைப்பதை எடுங்கள். நறுக்கிய பின் கழுவாதீர்கள், கழுவிய பின் நறுக்குங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றை வதக்குங்கள். இரண்டு தக்காளியைச் சேர்த்துக் குழைய விடுங்கள். இந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டுவிடாதீர்கள். பீட்டா கரோட்டினும் லைகோபீனும் கொழுப்பின் துணை இருந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். பிறகு ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். பருப்பு பாதி வெந்ததும் கேரட், பீன்ஸ் போன்ற கடினமான காய்கள். அவை முக்கால் பதம் வந்ததும் சுரைக்காய், கோஸ் போன்ற மென்மையானவை. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கைப்பிடி கீரை. அடுப்பை அணைத்தபின் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுப்பொடி, அரைத் தேக்கரண்டி சீரகப்பொடி. பாதிக் காயை மசித்து, மீதியைத் துண்டாகவே விடுங்கள். கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து பரிமாறுங்கள். ஒருவருக்கு ஒரு கிராம் உப்புகூட வராது.

கொதிக்கவைத்தால் வைட்டமின் அழிந்துவிடுமே, பச்சையாகத் தின்பதுதானே நல்லது என்று சிலர் கேட்பார்கள். பாதி உண்மை இருக்கிறது. வைட்டமின் சி வெப்பத்தில் குறையும், அதை மறுக்க முடியாது. அதனால்தான் எலுமிச்சையை இறக்கியபின் பிழியச் சொன்னேன், கொத்தமல்லியைக் கடைசியில் தூவச் சொன்னேன். ஆனால் பொட்டாசியம், இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகிய தாதுக்கள் கொதிநிலையில் அழிவதில்லை. நார் அழிவதில்லை. தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் கரோட்டினும் வேகவைத்தபின் உடலுக்கு இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. பச்சை நிறம் மாறாமல் இருக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், தயமினும் வைட்டமின் சியும் போய்விடும். சோடாவைத் தொடவே வேண்டாம்.

நேரமில்லையே என்பது அடுத்த மறுப்பு. காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் சொல்லும்போது அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் எந்த வேலைக்கு நேரமில்லை? நறுக்குவதற்குத்தான். அடுப்பில் இருக்கிற நேரம் குறைவு. குக்கரில் வதக்கி, காயும் பருப்பும் நீரும் சேர்த்து மூடினால் இரண்டு விசிலில் வெந்துவிடும். கீரையை மட்டும் திறந்தபின் போட்டால் போதும். சாம்பாருக்கும் பொரியலுக்கும் நறுக்கும்போதே சூப்புக்கும் ஒரு பங்கு நறுக்கி வைக்கலாம். அதை வீட்டில் ஒருவர் மட்டும் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கணவர் நறுக்கட்டும், பிள்ளைகள் பூண்டு உரிக்கட்டும். நேரமில்லை என்ற குறையில் பாதி, வேலையைப் பங்கிடாத குறை.

ரசம் இருக்கும்போது சூப் எதற்கு என்றும் கேட்கலாம். ரசம் நம் பெருமை, அதில் ஐயமில்லை. மிளகும் சீரகமும் புளியும் சேர்ந்த அந்தச் சாறு, அன்றைய ஆங்கிலேயர் வழியாக மல்லிகட்டானி என்ற சூப்பாக மாறி, இறைச்சியும் சோறும் சேர்ந்து கனத்துச் சீமைக்கும் போனது. ஆனால் ரசத்தில் காய் எங்கே இருக்கிறது? நாரும் காயும் ரசத்தின் வேலையல்ல. சாம்பாரில் காய் உண்டு. ஆனால் சாம்பாருக்கு அடியில் சோறு மலையாக இருக்கும். சூப் இரண்டுக்கும் பகையல்ல. சோற்றுக்கு முன்னால் காய் வயிற்றுக்குள் போகும் வழி அது. ரசத்தின் பக்குவத்தை சூப்புக்குக் கொடுங்கள், நம் அடுப்படிக்கு அது அந்நியமாக இருக்காது.

சூப்புக்கு நான் இவ்வளவு சொன்னேன் என்பதற்காக, அது சொல்லாத வாக்குறுதியை அதன் தலையில் ஏற்றக் கூடாது. சூப் நோயைத் தீர்க்கும் மருந்தல்ல. உடலில் உள்ள நச்சை வெளியேற்றும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்கின்றன. ஒரு வாரம் சூப் மட்டும் குடித்து எடை குறைப்பதும் தவறு. 60 கலோரிக் கோப்பையில் ஒரு மனிதனுக்கு வேண்டிய புரதம் இல்லை. பருப்பும் தயிரும் முட்டையும் சுண்டலும் தட்டில் இருக்கத்தான் வேண்டும். வளரும் குழந்தைக்கும், உடல் மெலிந்த முதியவருக்கும், பசியே குறைந்த நோயாளிக்கும் இந்த லேசான சூப் வயிற்றை அடைத்துச் சாப்பாட்டைக் குறைத்துவிடும். அவர்களுக்குப் பருப்பைக் கூட்டுங்கள், ஒரு கரண்டி நெய்யும் ஊற்றுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கோ, முதலில் சொன்ன அதே காரணத்தால், காயின் நீர் முழுவதும் தங்கிய இந்த சூப் ஆகாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

அன்பர்களே! ஒரு வீட்டின் ஒரு வேளை சூப்புக்கு வேண்டியது 400 கிராம் காய், ஒரு மேசைக்கரண்டி பருப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. ஏழை வீட்டுக்கும் எட்டாத பொருள் எதுவும் இதில் இல்லை. தனி அறிவோ தனிக் கருவியோ தேவையில்லை. வேண்டியது இரண்டு கட்டுப்பாடுகள்தான். காயின் நீரையும் சக்கையையும் கொட்டாமல் இருக்கும் கட்டுப்பாடு, மாவையும் வெண்ணெயையும் மிகை உப்பையும் சேர்க்காமல் இருக்கும் கட்டுப்பாடு. நாளை மாலை உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்த சூப்பை வையுங்கள். குடும்பத்தார் எல்லோரும் ஒரு கோப்பை குடித்துவிட்டுச் சோற்றுக்கு உட்காருங்கள். ஒரு மாதம் தவறாமல் செய்யுங்கள். பிறகு பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.